கடைசியில் ஓடுகிறவர்தான் தலைவர்

உலகநாதன் கடைசியில் போய் நின்றுகொண்டார். அதனால் அன்றைக்குப் பாகூர் ஏரிக்கரையில் யாருமே ஓடவில்லை.

கூட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஆண்கள், சுடிதாருக்குக் கீழே ஷூ மாட்டிய பெண்கள் என்று கரை நிறைய ஆள் இருந்தது. விசில்கூட ஊதியாகிவிட்டது. ஆனால் முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்களே ஒழிய, ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை.

"ஓடுங்கபா," என்றார் உலகநாதன்.

"நீங்க மொதல்ல போங்கண்ணா," என்றார் ஆண்டனி. "பெரியவரு நீங்க பின்னாடி வர, நாங்க முன்னாடி போனா நல்லாவா இருக்கும்?"

ஆண்டனி கடலூர் ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறவர். அந்த ரோட்டில் அவர் இதுவரை எவனுக்கும் வழி விட்டது கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஏரிக்கரைக்கு வந்ததும் மரியாதை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

உலகநாதன் பொறுமையாக விளக்கினார். தலைவன் என்பவன் கடைசியில்தான் ஓட வேண்டும், அப்போதுதான் யாரும் பின்தங்கிப்போய் அநாதையாக நிற்க மாட்டார்கள், பயிற்சிக்குப் போய்த் தான் கற்றுக்கொண்டு வந்த முதல் பாடமே இது என்றார். எல்லோரும் நல்ல கருத்து என்று தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர் இன்னும் பின்னால் போனார். அவர்களும் போனார்கள். இப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி, மதகை நோக்கி ஓட வேண்டிய சங்கம் மொத்தமும் எதிர்த்திசையில் நகர்ந்து மெயின் ரோட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

உலகநாதனுக்கு நாலு காணி நெல் உண்டு, இரண்டு காணி கரும்பு உண்டு. தலைவர் பதவி ஒன்றுதான் இல்லை. கோயில் திருப்பணிக் குழுவுக்கு நின்றார், தோற்றார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு நின்றார், தோற்றார். கரும்பு விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் தன் பெயரைத் தானே முன்மொழிந்துவிட்டு, வழிமொழிய யாராவது கை தூக்குவார்களா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எவனும் தூக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார், ஆனால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு சர்க்கரை வந்தது. சர்க்கரை வந்ததால் ஏரிக்கரைக்கு வந்தார். அங்கே ஒரு கூட்டம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் வருவார்கள், மதகு வரை ஓடித் திரும்புவார்கள், வேலைக்குப் போய்விடுவார்கள். சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. இத்தனை பேர் தலைவர் இல்லாமலே சந்தோஷமாக இருக்கிறார்களே என்பது அவர் மனதை என்னவோ செய்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் 'துள்ளல் அறக்கட்டளை' என்ற புதுச்சேரி அமைப்பு ஓர் அறிவிப்பு விட்டது. இலவச ஓட்டச் சங்கங்களை நடத்தத் தன்னார்வத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம், சங்கத்துக்கு ஒருவர் வரலாமாம். யார் போவது என்று மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் உலகநாதன் கை தூக்கிவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே போட்டியின்றி ஜெயித்த ஒரே தேர்தல் அது.

ஏசி ஹாலில் பயிற்சி. கலர் கலராகக் காகிதம் ஒட்டினார்கள், கண்ணை மூடிக்கொண்டு கனவு காணச் சொன்னார்கள், மத்தியானம் வெஜ் பிரியாணி போட்டார்கள். ஓடச் சொன்னார்களா என்றால், அது மட்டும் இல்லை. முடிவில் பயிற்சியாளர் சகாயராணி ஒரு விஷயம் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு சங்கத்தையும் நேரில் வந்து பார்ப்பார். எந்தச் சங்கம் நன்றாக நடக்கிறதோ, அதன் தலைவருக்குக் கிருமாம்பாக்கம், பனித்திட்டு சங்கங்களையும் சேர்த்துக் கொடுத்துத் தலைமைத் தன்னார்வலர் ஆக்கிவிடுவார்.

உலகநாதன் பஸ்ஸில் வரும்போதே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பயிற்சியில் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டியவர், கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதும் கழற்றவில்லை. இதிலும் தோற்றால் ஊர் சிரிக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மனைவி தையலம்மாள் சிரிக்க மாட்டாள், "சாப்புட வாங்க" என்று மட்டும் சொல்லுவாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

கடைசியில் நிற்பது சரிப்படவில்லை என்றதும் மறுநாள் முன்னால் நின்று ஓடினார். அவர் ஓட்டம் எப்படிப்பட்டது என்றால், மேய்ச்சலுக்குப் போன எருமைகள் அவரைத் தாண்டிப் போய், அவை திரும்பி வரும்போதும் அவர் போய்க்கொண்டிருந்தார். எருமைகளுக்கு மரியாதை தெரியாது. சங்கத்தாருக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்களைப் போல அவர் பின்னாலேயே நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தையலம்மாளிடம் போய் உட்கார்ந்து, நம்ம ஜனங்களுக்கு ஓடவே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

"அவங்கள அவங்க பாட்டுக்கு ஓட வுடுங்களேன்," என்றாள் அவள்.

"அப்புறம் தலைவன்னு நான் எதுக்கு இருக்கறேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டார். விடியறதுக்கு முன்னால் எழுந்து புல் அறுக்கப் போனால், அவர் கரைக்குக் கிளம்பிப் போன பிறகு வீடு திரும்புகிறவள். தலைமைப் பண்பைப் பற்றி அவளிடம் பேசி என்ன பிரயோஜனம்?

பயிற்சியில் இன்னொரு பாடமும் இருந்தது. பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள், எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிடும் என்றார்கள். உலகநாதன் பகிர்ந்தார். ஆண்டனியைச் செயலாளர் ஆக்கினார். அங்கன்வாடி டீச்சர் கஸ்தூரியைப் பொருளாளர் ஆக்கினார். சங்கத்தில் பொருள் என்று ஒரு பைசா கிடையாது என்பதால் அந்த வேலையில் தப்பு நடக்க வாய்ப்பே இல்லை. பெயிண்டர் பலராமன் துணைத் தலைவர். மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் குடிநீர்ப் பொறுப்பாளர், ஒருவர் நாய் விரட்டும் பொறுப்பாளர், ஒருவர் போட்டோ பொறுப்பாளர். எல்லோருக்கும் கொடுத்து முடித்துப் பார்த்தால் சங்கத்தில் சாதாரண உறுப்பினர் என்று மருந்துக்கும் ஒருவர் மிஞ்சவில்லை.

ஆர்வம் வந்தது. ஓட்டம்தான் வரவில்லை. குடிநீர்க்காரர் கேனை விட்டு நகர முடியாது. நாய்க்காரர் தடியோடு ஓடினால் நாய் துரத்தும். செயலாளர் ஓடினால் செயலாளர் மாதிரியா இருக்கும்? ஓட்டத்துக்கு முன்னால் பொறுப்பாளர்கள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசலாம் என்று உலகநாதன் ஆரம்பித்து வைத்தார், அவர் மட்டும் இருநூறு பேசினார். எல்லோரும் வரும்போதே வேர்த்து விறுவிறுத்துப்போய் வந்து, கரையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாகூர்ப் புழுக்கம் அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார். பேசி முடிக்கிறதற்குள் வெயில் ஏறிவிடும். நாளைக்கு ஓடலாம் என்று கலைந்து போவார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

சகாயராணி வருகிற ஞாயிறு நெருங்கவும் உலகநாதன் ரோட்டு முனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் பலராமன் படம் பெரிதாகவும் கஸ்தூரி படம் ஸ்டாம்பு அளவிலும் வந்துவிட்டது. கஸ்தூரி ராஜினாமா என்றாள். ஓடாத சங்கத்திலிருந்து ராஜினாமா செய்துவிட்டு எங்கே ஓடப்போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. உலகநாதன் பயந்துபோய், பாராட்டினால் மனசு ஆறும் என்ற பாடத்தை எடுத்து, அவளுக்குச் சால்வை போட்டார். உடனே பலராமனுக்கு முகம் தொங்கிப்போனது. அவருக்கும் ஒன்று போட்டார். முடிவில் நாய்க்காரர் வரை எல்லோருக்கும் சால்வை, அதோடு போண்டா, டீ. போண்டா வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருக்காரர்களும் விளையாட்டில் ஆர்வம் கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சகாயராணி காரில் வந்து இறங்கினார். கரையில் வெள்ளைச் சட்டைகள், பட்டுப் புடவைகள், தோளில் சால்வைகள். டீ ஊற்ற ஆள் வேண்டும் என்று தையலம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் உலகநாதன். அன்று மட்டும் அவர் எழுந்தபோது அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தயாராக நின்றாள்.

வரவேற்புரை நடந்தது. செயலாளர் அறிக்கை நடந்தது. பொருளாளர் எழுந்து பொருள் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சகாயராணிக்கு ஆள் உயர மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். எப்ப ஓடுவீங்க?"

எல்லோரும் சால்வையைச் சரிசெய்துகொண்டார்கள். ஏரியில் ஒரு நாரை மட்டும் பறந்து போனது.

மதகு வரை ஓடித் திரும்பி வரட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் அவர். உலகநாதன் ஒவ்வொருவரிடமாகப் போய் எழுப்பினார். ஒருவரும் எழுந்திருக்கிறதாகத் தெரியவில்லை. ஆண்டனி தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னிக்கு மட்டும் கால் வரலண்ணா என்றார். உலகநாதன் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒரே ஒரு தபா ஓடுங்கபா. எங்கயும் என்னை எவனும் தலைவனா ஏத்துக்கல. நீங்கதான் ஏத்துக்கினீங்க. அந்த மானத்தக் காப்பாத்துங்க."

அதற்கு மேல் யாராலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொன்னால் நமக்கே பாவம். கஸ்தூரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பலராமன் பாதியில் திரும்பி நடந்தே வந்தார். ஆண்டனி மதகைத் தொட்டாரா இல்லையா என்பது அவருக்கும் அந்த மாதாவுக்கும்தான் தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் வந்து புல்லில் மல்லாந்ததைச் சகாயராணி வருத்தத்தோடு பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். ஒரு மாசமா ஒரு நாள்கூட இவங்க ஓடல. எனக்குப் பாத்தாலே தெரியுது. பொறுப்ப வேற யாருக்காவதுதான் தரணும்."

உலகநாதன் சரி என்று தலையாட்டினார். கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. தையலம்மாள் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அவளும் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது பால் கேன்களோடு கரைமேல் வந்த பால்காரர் நடேசன் வண்டியை நிறுத்தி, புல்லில் கிடந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னாபா, மறுபடியும் ஓடுனீங்களா? அண்ணன் வந்துட்டா பேச்சுதான், ஓட முடியாதுன்னு தெனம் இருட்டுலயே ரெண்டு தபா மதகத் தொட்டுட்டுத்தானே இங்க வந்து குந்துவீங்க," என்றவர், டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பினார். "ஏன் தையலக்கா, பொடவய இழுத்துச் சொருவிக்கினு தெனம் இவங்களுக்கு முன்னாடி ஓடுறியே, போதும்னு நீயாவது சொல்லக் கூடாதா?"