மூன்று டிஸ்கும் நாலாவது பொட்டும்

மனைவி மங்கையிடம் மூச்சு விடக்கூடாது என்று ரகுபதி முடிவு செய்தான். அந்த வீட்டில் அவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

ரகுபதி குடும்பத்திலேயே முதல் பி.எஸ்சி. திருவொற்றியூரில் கல்யாண போட்டோ பிடிப்பவன். மச்சினி ரேகாவின் கல்யாணப் படங்கள் அவன் கம்ப்யூட்டரின் மூன்று டிஸ்கில் மட்டுமே இருந்தன. வேகத்துக்காக ஒவ்வொரு படத்தையும் துண்டு போட்டு, மூன்றிலும் மாற்றி மாற்றி எழுதும் ஏற்பாடு. காலையில் மதர்போர்டு புகைந்தது. டிஸ்குகளைக் கழற்றி, ஆயுத பூஜைக்கு மங்கை வைத்த பொட்டுகளை "கலீஜ்" என்று துடைத்து மேசையில் போட்டான். புது போர்டை மாட்டியதும் அது அவனையே கேட்டது: எது முதல் டிஸ்க்? துண்டின் அளவு எத்தனை கே.பி.? இரண்டும் அவனுக்கு நினைவில்லை.

அஞ்சு மணிக்கு ரேகாவின் மாமியார் காத்திவாக்கத்திலிருந்து படம் பார்க்க வருகிறார்.

கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போட்டுப் பார்த்தான். மாப்பிள்ளையின் நெற்றிக்குக் கீழே வாழைக்குலை வந்தது. மாற்றினான். ரேகாவின் கழுத்தில் தாலிக்குப் பதில் சாம்பார் வாளி ஏறியது.

"இன்னா மாமா, கதவ சாத்திகினு?"

"படத்துக்கு மெருகேத்துறேன்."

மங்கை உள்ளே வந்து திரையைப் பார்த்தாள்.

"நல்லா ஏறிகீது. மாமியாக்காரி மூஞ்சி எங்க?"

"வந்துகினு கீது."

"எங்கேர்ந்து? காத்திவாக்கத்துலேர்ந்தா?"

ரகுபதி உண்மையைக் கக்கினான். மங்கை டிஸ்குகளைத் திருப்பினாள். குங்குமம் போயிருந்தது, அதற்கு அடியில் குழைத்து வைத்த மஞ்சள் மட்டும் காகித லேபிளில் ஊறிக் கிடந்தது. ஒன்றில் ஒரு புள்ளி. இன்னொன்றில் இரண்டு. மற்றதில் மூன்று.

"பொட்டிக்குள்ள மேலேர்ந்து கீழ எண்ணித்தான் வெச்சேன். மூணும் ஒரே மாதிரி கீதே, நீ மாத்திட மாட்ட?"

அந்த வரிசையையே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். ஆனாலும் பி.எஸ்சி. விடுமா?

"துண்டோட அளவும் வேணும். அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அறுவத்தி நாலு."

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"அத்த மாட்டுன அன்னிக்கு நீதான் அறுவத்தி நாலு, அறுவத்தி நாலுன்னு பெனாத்திகினு இருந்த. கோயில்ல நாயன்மாரு அறுவத்தி மூணு பேருதான், மிச்சம் ஒண்ணு நீயான்னு கேட்டேன். கோச்சிகினு சோறு துன்னாம படுத்த."

போட்டான். வாழைக்குலை விலகியது. மாமியார் முகம் முழுசாக வந்தது, முறைத்துக்கொண்டே.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. மங்கை குங்குமச் சிமிழை எடுத்து வந்து டிஸ்குகளுக்கு மறுபடி பொட்டு வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் அவன் நெற்றியில் வரிசையாக நான்கு.

"எனக்கு எதுக்குடி?"

"உன்னியும் ஒரு நாள் கழட்டிப் போட்டா, திரும்ப எங்க மாட்டறதுன்னு தெரியணும்ல."

ரேகாவின் மாமியார் உள்ளே வந்து முதலில் பார்த்தது கல்யாணப் படத்தை அல்ல.