ராணியின் கடைவாய்ப் பல்

சாப்பாட்டு மேஜையின் மூன்றாவது கால் பக்கத்தில் ராணி மறுபடியும் நின்றுவிட்டாள். வயிற்றுக்குள் மோட்டார் விர்ரென்று சுற்றியது. சக்கரங்கள் மட்டும் அசையவில்லை.

"மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடணும்," என்றார் மாமனார், தரையில் முட்டி போட்டபடி.

ராணி ஒரு சாண் நீளப் பொம்மை ரயில் எஞ்சின். வயது எழுபது. மாமனாரைவிட மூத்தவள்.

"போன வருஷம் அவர்தானே மாமா சரி பண்ணினாரு? அதுக்குள்ள நின்னுபோச்சே," என்றார் இளைய மாப்பிள்ளை.

"டாக்டர், அவரு பாலம் கட்டுற இன்ஜினியர். மிஷினோட மனசு அவருக்குத் தெரியும்."

அதுதான் குத்தியது. சகலை 'மாப்பிள்ளை'. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் இவர் வெறும் 'டாக்டர்', ஏதோ ஊசி போட வந்தவர் மாதிரி. சகலை கட்டிய பாலத்தில் லாரிகள் போகின்றன. பல் டாக்டரான இவரும் பாலம் கட்டுவதுண்டு. மூன்று பல் நீளம். வாயை மூடினால் தெரியாது.

எஞ்சினைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பித்தளைப் பல்சக்கரம் ஒன்று. பற்கள் தேய்ந்து வழவழவென்றிருந்தன.

"மாமா, இது பல் பிரச்சினை. பல்லுன்னா நான் இருக்கேனே! ஞாயித்துக்கிழமை உங்க பிறந்தநாளுக்கு ராணி ஓடுவா."

மாமனார் எஞ்சினை மெத்தென்ற துண்டில் சுற்றிக் கொடுத்தார். "கண்ணு, பத்திரமா போயிட்டு வா."

"நான் ஆபரேஷனுக்குப் போனப்பகூட இதைச் சொல்லல," என்று சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் பாத்திரச் சத்தத்தோடு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் கிளினிக்கில் ராணியைப் பிரித்தார். பல்சக்கரத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசை. விரலால் தேய்த்தால் நறநறத்தது, லேசாக எலுமிச்சை வாசம் அடித்தது. டாக்டருக்கு மனம் குளிர்ந்தது. மண் கலந்த மட்டமான கிரீஸ்! சகலைதான் வாங்கி அப்பியிருக்கிறார். பெரிய இன்ஜினியர்!

தேய்ந்த ஒவ்வொரு பல்லின் மேலும் பல் அடைக்கும் சிமெண்டை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். ராணி ஓடினாள். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல்.

"கடி உயரமா இருக்கு," என்று முணுமுணுத்தார்.

"எனக்கா?" என்றார் நாற்காலியில் வாயைப் பிளந்து காத்திருந்த பெரியவர்.

"உங்களுக்கு இல்ல சார். நீங்க ஆன்னு வையுங்க."

கடி பார்க்கும் நீலத்தாளைப் பல்சக்கரத்துக்கு நடுவில் கொடுத்துச் சுற்றினார். கறை பட்ட இடத்தை டிரில்லால் சீவினார். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு இழை. டங்! பித்தளையோடு பெயர்ந்த இரண்டு பற்கள் பறந்துபோய், வாய் கொப்பளிக்கும் டம்ளரில் விழுந்தன.

பெரியவர் டம்ளரை எட்டிப் பார்த்தார். "டாக்டர், அது என்னுதா?"

"ஐயோ, இல்ல சார். ரயிலோடது."

பெரியவர் மார்பில் கட்டியிருந்த துணியோடு வெளியேறினார்.

அந்த நேரம் பார்த்துச் சகலையின் போன்.

"சகல, ராணி எப்படி இருக்கா? ரொம்ப சிரமமா இருந்தா நான் வரட்டுமா?"

அந்தக் குரலில் இருந்த இனிப்புக்கே நாலு பல் சொத்தையாகிவிடும் என்று தோன்றியது.

"எதுக்கு சகல? முடிஞ்ச மாதிரிதான். சும்மா பாலிஷ் போட்டுட்டிருக்கேன்."

போனை வைத்ததும், அச்சு எடுக்கும் ரோஸ் நிறப் பசையில் பல்சக்கரத்தை அழுத்தினார். புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்று திட்டம். பசை இறுகியது. இழுத்தார். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தார். பல்சக்கரத்தோடு அச்சாணியும், அச்சாணியோடு இரண்டு சக்கரங்களும் வந்தன. ராணி மல்லாந்து கிடந்தாள், மயக்க மருந்து கொடுக்காமல் அறுத்த நோயாளி போல.

போனைக் கையில் எடுத்தார். சகலையின் எண்ணைப் பார்த்தார். அப்புறம் 'மாப்பிள்ளை' என்ற சொல்லை நினைத்துக்கொண்டார். போனை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மூன்று நாள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, விழுந்த பற்களையும் தேய்ந்த பற்களையும் மெழுகில் ஒவ்வொன்றாக எழுப்பி, முழுச் சக்கரத்துக்கும் மாதிரி செய்தார். பல்செட் செய்பவரிடம் அதைக் கொடுத்தார்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், வட்டமா இருபத்திரண்டு பல்லு. யாருக்கு இது?"

"வீட்டுல ஒரு பெரியவங்களுக்கு."

"வெத்தலைபாக்குக் கறை நிறம் வேணுமா, சுத்த வெள்ளையா?"

"சுத்த வெள்ளை."

வந்து சேர்ந்தது முத்துப்போல ஒரு பல்சக்கரம். மாட்டினார். ராணி பூனை நடப்பதுபோல் சத்தமே இல்லாமல் போனாள். சகலையின் மண் கிரீஸ் போல மறுபடி எதுவும் உள்ளே போய்விடக் கூடாது என்று, பல் கிளிப் செய்யும் பிளாஸ்டிக்கில் ஒரு மூடி வார்த்து, அடிப்பக்கம் முழுவதும் அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராணி மேஜையின் நான்கு கால்களையும் பன்னிரண்டு முறை சுற்றினாள். மாமனாரின் கண் கலங்கிவிட்டது.

"இனிமே தேயவே தேயாது மாமா. மூடி போட்டு ஒட்டிட்டேன். ஒரு தூசி உள்ள போகாது. சில பேரு கண்டதை அப்பி வச்சதாலதான் இவ்வளவும்," என்று சகலையைப் பார்த்தார் டாக்டர்.

"நான் எண்ணெய்தானே விட்டேன்?" என்றார் சகலை. அவருடைய சிரிப்பு ஒரு பக்கம்தான் இருந்தது. டாக்டர் அதை மனதுக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"பிரமாதம்!" மாமனார் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "பிரமாதம், மாப்பிள்ளை!"

ஆறு வருடம். காது குளிர்ந்து, தரையில் கால் பாவாமல், கை கழுவச் சமையலறைக்குப் போனார். மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் மாமனார் "கண்ணு, ராணி!" என்று கொஞ்சுவது கேட்டது. தொட்டியிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது.

மாமியார் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு டப்பா பாத்திரப் பவுடர் தூவித்தான் அவளை நிறுத்தி வச்சிருந்தேன் மாப்பிள்ளை, அந்த மூடியை எப்படிக் கழட்டறதுன்னு எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போங்க."