லத்தீன் யானை எப்போது செத்தது?

ஒரு காட்டில் லத்தீன் என்றொரு யானை இருந்தது. இருந்தது என்பதா, இருக்கிறது என்பதா என்பதில்தான் சண்டையே. நமக்கும் அந்த வம்சத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அதனால் நான் தைரியமாகச் சொல்லலாம்.

லத்தீனுக்கு ஏகப்பட்ட பிள்ளைகள். இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு நாலு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கடைசி மகள் ருமேனியன் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், ஸ்லாவியக் கரடிகளுக்கு நடுவே வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அந்தப் பக்கம் ஒரு குட்டை மிச்சமில்லை. ருமேனியன் நாக்கு வறண்ட கன்றை இழுத்துக்கொண்டு அம்மாவின் குளத்துக்கு ஓடி வந்தாள். குளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்குள் தாசில்தார் நீர்யானையும் இருந்தார். அவருக்கு ஆபீஸே அதுதான்.

"வாரிசுச் சான்றிதழ் இருந்தா குடிக்கலாம்," என்றார் வாய் கொப்பளித்துக்கொண்டே.

சாட்சி சொல்ல அண்ணன்களும் அக்காவும் வந்தார்கள். "இவளா? கிட்ட வந்தாலே கரடி வாசம். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியா இருக்கு?" என்றாள் அக்கா பிரெஞ்சு.

"தண்ணிக்கு என்னன்னு சொல்வீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றார் தாசில்தார்.

இத்தாலியன் "ஆக்குவா" என்றான். ஸ்பானிஷும் போர்ச்சுகீஸும் "ஆகுவா" என்றார்கள். பிரெஞ்சு "ஓ" என்றாள். அவ்வளவுதான், மீதியை வழியிலேயே தின்றுவிட்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மினுக்கு அப்படி. யாரும் கேட்காமலே கன்று "ஆப்பா, ஆப்பா" என்று அழுதது. ருமேனியன் வீட்டில் தண்ணீருக்கு அதுதான் பேர்.

இத்தாலியன் ஓடி வந்தான். "ஐயோ, நம்ம ரத்தம்தான்டா இது!" என்று கன்றைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் அழுதார்கள். பிரெஞ்சுகூடக் கொஞ்சம் அழுதாள்.

"அழுதது போதும்," என்றார் தாசில்தார். "அம்மாவோட இறப்புச் சான்றிதழ் எங்கே? எப்போ செத்தாங்க?"

"அவங்க சாகலை சார்," என்றான் இத்தாலியன். "பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா பேச்சு மாறிச்சு. திரும்பிப் பார்த்தா, பேசிக்கிட்டிருந்தது நான்."

"எனக்கும் அதேதான் சார்," என்றான் ஸ்பானிஷ்.

"அப்போ உயிரோட இருக்காங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது சார்."

"ஏன் முடியாது?" என்று குறுக்கே புகுந்தது மாதா கோயில் கொக்கு. "எங்க பூசையில இன்னும் அவங்க குரல் கேக்குதே!"

"செடி கொடிக்கெல்லாம் இப்பவும் அவங்கதான் பேர் வைக்கிறாங்க," என்றது ஆந்தை டாக்டர்.

தாசில்தாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "உயிரோட இருக்கறவங்களுக்கு எதுக்கய்யா வாரிசு? அந்தம்மாவையே நேர்ல வரச் சொல்லுங்க. ரேகை வெச்சுட்டுக் குளத்தை எடுத்துக்கட்டும்."

அப்போதுதான் ஆங்கிலம் வந்தது. பிறப்பால் அது ஓநாய். ஜெர்மன் ஓநாய்க்குச் சித்தப்பா பிள்ளை. ஆனால் தும்பிக்கையை பிரெஞ்சிடம் இரவல் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. காது, தந்தம் எல்லாம் லத்தீன் வீட்டிலேயே சுருட்டியது. வால் மட்டும் சொந்தம். அதைச் சுருட்டி மறைத்துக்கொண்டு, "எட்செட்ரா, போனஸ், வைஸ் வெர்சா!" என்று லத்தீனிலேயே முழங்கியது.

தாசில்தார் தண்ணீரைவிட்டே எழுந்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க!"

"ஐயையோ, அது ஓநாய் சார்! அந்தத் தும்பிக்கை என்னோடது!" என்று கத்தினாள் பிரெஞ்சு.

"ரசீது இருக்கா?"

இல்லை. தும்பிக்கைக்கு யார் ரசீது கேட்டு வாங்குவார்கள்?

குளம் ஓநாய் பெயருக்கு மாறியது. ஓநாய் பெருந்தன்மையாகச் சொன்னது: "எல்லாரும் தாராளமா குடிக்கலாம். என் பாஷையில கேட்டாப் போதும்."

அண்ணன்கள் ரோஷக்காரர்கள். முறைத்துக்கொண்டு நின்றார்கள். ருமேனியன் கன்றைப் பார்த்தாள். அதற்குக் கண் சொருக ஆரம்பித்திருந்தது. ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குனிந்து அதன் காதில் சொல்லிக்கொடுத்தாள்.

"வாட்டர் ப்ளீஸ்," என்றது கன்று. வயிறு முட்டக் குடித்தது.

தாசில்தார் சொக்கிப்போய்விட்டார். "அடடா, குழந்தை என்னமா பேசுது! எந்த ஸ்கூல்ல படிக்குது?"

ருமேனியனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நீதி: சாவதென்றால் தேதி போட்டுச் சாக வேண்டும். இல்லாவிட்டால் பெற்ற பிள்ளைகள் வாசலில் நிற்க, இரவல் வாங்கினவன் உங்கள் வேஷத்திலேயே வந்து ரேகை வைத்துவிடுவான்.