நத்தைகள் பயந்தோடிய ஊர்

மலேரியாக் காய்ச்சல் இலங்கையை வாரிக்கொண்டு போன மறு வருஷம், மாட்சிமை தங்கிய அரசாங்கத்தார் மாட்டின் ஈரலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள். மனிதருடைய மண்ணீரல் வீங்கிக் கிடந்ததே, அதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்கக் கூடாது. அது வேறு இலாகா.

மாட்டு ஈரலுக்குப் பொறுப்பாக நியமனம் பெற்றவர் பெனிங்டன் துரை. குறிஞ்சிப்பிட்டியில் அவர் வந்திறங்கியபோது, கூடவே ஒரு நுணுக்குக்காட்டியும், உட்கார ஒரு மடக்குக் கதிரையும், அவருடைய பேச்சைத் தமிழாக்குவதற்குச் சிலாபத்து லோறன்ஸ் முதலியாரும் வந்து சேர்ந்தார்கள். மூன்றில் கதிரைதான் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

துரை ஊரைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார். இலை மாதிரித் தட்டையான புழு ஒன்று இருக்கிறதாம். நன்னீர்ச் சேற்றில் வாழும் நத்தையின் வயிற்றில் அது வளருமாம். பிறகு வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொண்டு, மேயும் மாட்டுக்குள் போய், ஈரலில் குடியேறுமாம். மாடு மெலிந்து, பால் வற்றிச் சாகுமாம். இவ்வளவும் உண்மை. துரை இதோடு நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நன்மையாக இருந்திருக்கும்.

அவர் நிறுத்தவில்லை. ஊர் மாடுகளின் சாணத்தையெல்லாம் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். மற்ற ஊர்களில் குவியல் குவியலாகப் புழுமுட்டை கண்ட கண்ணுக்கு இங்கே ஒன்றும் அகப்படவில்லை. எல்லா மாடுகளிலும் மினுமினுப்பாக நின்றது பளீலாவின் கறுப்பி. காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்தவள் பளீலா. அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கறுப்பியின் பால்தான் சோறு.

"இந்த மாட்டுக்குப் புழுநோய் வந்ததுண்டா என்று துரை கேட்கிறார்," என்றார் முதலியார்.

"இல்ல."

"ஏன் வரவில்லை?"

"வராததுக்கு நான் என்னத்தச் சொல்றது, ஐயா? வரல்ல."

முதலியார் இந்த ஒரு சொல்லை ஆங்கிலமாக்க நெடுநேரம் எடுத்தார். துரை முகம் மலர்ந்தார். "நோய் வந்திருக்கிறது. மாடு எதிர்த்துத் துரத்தியிருக்கிறது. இதற்குப் பெயர் எதிர்ப்புச் சக்தி."

கூட்டத்தில் நின்ற மீன்பிடிகாரர் யாகப்பு மெல்ல வாயைத் திறந்தார். "துரை, இது உப்பு ஏறுற தரை. இங்க நத்தையே கிடையாதே."

துரை துள்ளி எழும்பினார். "அதுதான் அத்தாட்சி. இந்த மாடுகளின் எதிர்ப்புச் சக்திக்குப் பயந்து நத்தைகளே ஓடிவிட்டன."

முதலில் கைதட்டியவர் எங்கள் ஊர்த் தலைவர் விதானையார் பதியுதீன். அவருக்கு நிறைய மாடுகள் இருந்தன. பிறகு ஊரே தட்டியது. யாகப்புவும் தட்டினார். அவருக்கும் ஒரு கன்று இருந்தது.

அரசாங்கக் கச்சேரியிலிருந்து பித்தளைத் தகடுகள் வந்தன. ராஜ முடி பொறித்து, "எதிர்ப்புச் சக்தி உடையது" என்று எழுதி, மாடுகளின் கழுத்தில் கட்டினார்கள். கறுப்பிக்குத்தான் முதல் தகடு.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. புத்தளத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசிமார் பிராந்திக்கு முன்னால் ஒரு கோப்பை தகட்டுப்பால் குடித்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் ஈரல் எதிர்த்து நிற்குமாம். கொழும்பில் துரைசானிமார் அந்தப் பாலில் முகம் கழுவினார்கள். தில்லையடியில் கலியாணம் பேசப் போனவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் தகடு போட்ட மாடு உண்டா என்று விசாரித்தார்கள். ஒருவர் தன் கிடாய்க்குத் தகடு வேண்டும் என்று மனுப் போட்டார். எங்கள் ஊரார் மட்டும் சும்மா இருந்தோமா? பாலில் தாராளமாகத் தண்ணீர் கலந்தோம். எதிர்ப்புச் சக்தி உள்ள பாலைத் தண்ணீர் என்ன செய்துவிடப் போகிறது?

பளீலாவின் அடுப்பும் அந்த நாட்களில் இரண்டு வேளை எரிந்தது.

அப்போது கொழும்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது. எதிர்ப்புச் சக்தி உண்டென்றால் அதை நிரூபித்துக் காட்ட வேண்டாமா? துரை யோசித்து ஒரு வழி கண்டார். கறுப்பியை வண்ணாத்திவில்லுக்குக் கொண்டுபோய், நத்தை மொய்க்கும் குளத்தங்கரைச் சேற்றில் மாரி முடியுமட்டும் மேயவிடுவது.

விதானையார் கயிற்றோடு பளீலாவின் வாசலுக்கு வந்தார்.

"என்ட மாட்டத் தர ஏலா," என்றாள் பளீலா.

"மகள், இது தண்டனையில்ல. கௌரவம்."

"கௌரவத்தக் கறந்தா பால் வருமா, விதானையார்?"

"சர்க்கார் கேட்டா இல்லையெண்டு சொல்ற வழக்கம் நம்மட ஊர்ல இல்ல. உங்கட மாடு நம்மட ஊருக்குப் பேர் வாங்கித் தரப் போகுது."

கறுப்பியை வள்ளத்தில் ஏற்றி, கடல்நீர் புகும் களப்புக்கு அப்பால் கொண்டுபோனார்கள். ஊர் கரையில் நின்று கையசைத்தது. பளீலாவுக்குப் பால்காசுக்குப் பதிலாக ஒரு பாராட்டு வாசகம் வாசிக்கப்பட்டது.

மாரி முடிந்து அவள் வண்ணாத்திவில்லுக்குப் போனபோது, தன் மாட்டைத் தகட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். விலா எலும்பு தெரிந்தது. மடி வற்றிக் கிடந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்து ஒரு பை தொங்கியது.

"துரை, மாட்டுக்கு நோய். மருந்து குடுங்க."

மருந்து துரையின் பெட்டியிலேயே இருந்தது. நல்ல மருந்து; மற்ற ஊர் மாடுகள் அதைக் குடித்துப் பிழைத்திருந்தன. ஆனால் துரை தலையை அசைத்தார். முதலியார் தமிழாக்கினார். "எதிர்ப்புச் சக்தி உள்ள மாட்டுக்கு மருந்து கொடுப்பது அரசாங்கத்தை அவமதிப்பதாகும்."

"அப்ப தாடைக்குக் கீழ இந்த வீக்கம்?"

"அதுதான் எதிர்ப்புச் சக்தி. உள்ளே இடம் போதாமல் வெளியே தள்ளுகிறது."

"அப்பிடியெண்டா அந்தத் தகட்டக் கழட்டுங்க. எதிர்ப்புச் சக்தி இல்லாத மாடு எண்டு நினைச்சி மருந்தக் குடுங்க."

துரைக்கு இது நியாயமாகப் பட்டது. நியாயத்துக்கு அவர் எப்போதும் ஒரு விதி வைத்திருந்தார். குறிஞ்சிப்பிட்டியார் நாலு பேர் தன் முன்னால் வந்து, எங்கள் மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது என்று வாயால் சொல்லட்டும். அந்த நிமிஷமே தகட்டைக் கழற்றி மருந்து கொடுப்பதாகச் சொன்னார்.

நாலு பேர்தானே என்று பளீலா களப்பைக் கடந்து ஓடி வந்தாள். பள்ளிவாசல் முன்றலில் ஊர் கூடியது.

"உங்களுக்கெல்லாம் தெரியும். இங்க நத்தை இல்ல, அதால நோய் இல்ல. நாலு பேர் வந்து சொல்லுங்க. என்ட மாடு பிழைக்கும்."

விதானையார் தொண்டையைச் செருமினார். "ஒரு மாட்டுக்காக ஊர் மாடுகளின்ட மானத்த வாங்கச் சொல்றீங்களா, மகள்?"

பளீலா யாகப்புவைப் பார்த்தாள். "யாகப்பு அண்ணே, நத்தை இல்லையெண்டு முதல்ல சொன்னது நீங்கதானே?"

"ஓம், சொன்னன்தான். அப்ப என்ட கண்டுக்குத் தகடு கிடைக்கல்ல." யாகப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மற்றவர்களுக்கு அந்த வெட்கமும் வரவில்லை.

அவள் தனியாகத் திரும்பிப் போனாள். மாடு தரையில் விழுந்து கிடந்தது. உயிர் போவதற்கு முன் அறுக்கவாவது விடுங்கள், ஹலாலான இறைச்சியாவது மிஞ்சட்டும் என்று கெஞ்சினாள். அரசாங்க அத்தாட்சியை அறுப்பதா என்று முதலியார் சீறினார். விடியமுன் கறுப்பி செத்தது. பளீலாவுக்குப் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. அவள் குளத்தங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

துரை மாட்டைக் கிழித்துப் பார்த்தார். ஈரல் முழுக்கப் புழு. ஆனால் மாடு செத்ததும் புழுக்களும் சாகத் தொடங்கியிருந்தன. அவருடைய அறிக்கை சுருக்கமாக இருந்தது: மாடு கடைசிவரை எதிர்த்தது, புழுக்கள் ஒன்றுவிடாமல் மாண்டன, ஆகவே வெற்றி மாட்டுக்கே.

கொழும்பு மகிழ்ச்சி அடைந்தது. ஒரு மாடு இவ்வளவு புழுவைக் கொல்லுமென்றால் ஓர் ஊர் மாடுகள் எவ்வளவு கொல்லும்? குறிஞ்சிப்பிட்டியின் தகட்டு மாடுகள் யாவும் உடனே வண்ணாத்திவில்லுக் குளத்தில் இறக்கப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நாலு பேர் கிடைக்காத ஊரில் நானூறு பேர், துரை வந்திறங்கிய கரைக்கு ஓடி வந்தார்கள். விதானையார் மூச்சு வாங்கத் துரையின் முன் நின்றார். "துரை, எங்கட மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி அறவே கிடையாது. இங்க நத்தை இல்ல, அவ்வளவுதான்."

துரை குழம்பிப்போனார். இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உள்ளவர் ஒருவர்தான் என்று பளீலாவைக் கூப்பிட்டார். ஊர் முழுவதும் அவளுடைய வாயைப் பார்த்தது. விதானையார் கண்ணாலேயே கெஞ்சினார்.

பளீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ட கறுப்பிக்கு எதிர்ப்புச் சக்தி நல்லா இருந்திச்சி, துரை. பள்ளிவாசல் முன்னால இந்த ஊரே அப்பிடித்தான் சொல்லிச்சி. ஊர் பொய் சொல்லுமா?"

முதலியார் இதை ஒரு சொல்லும் தவறாமல் ஆங்கிலமாக்கினார்.

அன்று மாலை மாடுகள் வள்ளம் வள்ளமாகக் களப்பைக் கடந்தன. வெயிலில் கழுத்துத் தகடுகள் நன்றாகத்தான் மினுங்கின. போன கிழமைதான் நாங்கள் புளி போட்டுத் துலக்கியிருந்தோம்.