பற்றரி இறங்கின சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை ஹியூபேட் ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்கு லப்டொப் சாகவேண்டும்!

காரணம் இல்லாமலில்லை. ஒக்டோபர், செபமாலை மாதம். சனிக்கிழமை ஆறு மணியென்றால் மனைவி யூஜினாவின் குடும்பமே ஸூமில் கூடிவிடும். டொரொன்டோவிலிருந்து தம்பி, வெள்ளவத்தையிலிருந்து அக்கா றஞ்சிதம். செபமாலை அரை மணித்தியாலம்தான். அதற்குப் பிறகுதான் விசாரணை. ஹியூபேட்டின் சுகர் எவ்வளவு, இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு எப்போது பெயின்ட், தலைமயிர் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று ஒன்பது மணி வரை இழுப்பார்கள். ஏழு மணிக்கு டீவியில் மட்ச். மனுஷன் வேறென்ன செய்வார்?

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சார்ஜரைக் கழற்றினார். திரை வெளிச்சத்தைக் கூட்டி, ஏதோ ஒரு படத்தை ஓடவிட்டு, போய் நித்திரையும் கொண்டார். நாலரைக்கு எழும்பிப் பார்த்தால், திரை கறுப்பு.

"யூஜினா! ஐயோ, இது செத்துப் போச்சு!"

குரலில் கவலை வேண்டிய அளவு இருந்தது.

"அப்ப இண்டைக்கு ஸூம் இல்லையா?"

"என்ன செய்யிறது, பாவம்."

"சரி. சேர்ட்டை மாத்துங்க."

"ஏன்?"

"அக்கா வீட்டுக்குப் போவம். ஸூம் இருக்கேக்க பஸ்ஸில ஏன் அலையோணும், அது வேலை செய்யாத நாளில நானே கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னது ஆர்? அதுவும் கோயில்ல, ஃபாதருக்கு முன்னால!"

சொன்னதுதான். மறந்தே போயிருந்தார். அக்கா வீடென்றால் இரண்டு பஸ், ஐந்து மாடி, பழுதான லிஃப்ட். ஏறி முடித்தால் சகலன் பிறெடியின் முழங்கால் ஒப்பரேஷன் கதை, ஆரம்பத்திலிருந்து. மட்ச் அவ்வளவுதான்.

"நில்லு, நில்லு! சார்ஜ் போட்டா உயிர் வந்திடும்!"

"அஞ்சரை வரைக்கும் பாருங்க."

சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் குத்தினார். லைட் இல்லை. கழற்றிக் குத்தினார். இல்லை. பட்டனை முப்பது எண்ணும்வரை அமத்திப் பிடித்தார். சுவரில்தான் பிழையோ என்று அதே இடத்தில் டேபிள் ஃபேனைக் குத்தினார். அது சந்தோஷமாகச் சுற்றியது. மேல்மாடி ஷிம்னா கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிறவள். மூச்சிரைக்க ஓடினார்.

"மகள், லைட்டே வருதில்ல!"

"பற்றரி முழுசா இறங்கிட்டுதா, அங்கிள்?"

"ஒரு சொட்டும் இல்ல."

"அப்ப உடன வராது. குத்திட்டு அரை மணித்தியாலம் தொடாம வைங்க."

"அரை மணித்தியாலமா!"

"தொடாம, அங்கிள்."

தொடாமலிருக்கத் தெரிந்தால் அவர் ஏன் ஹியூபேட்? நிமிடத்துக்கு ஒருதரம் குனிந்து பார்த்தார். ஊதினார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். காணாமல் போன எதையும் கண்டுபிடித்துத் தருகிறவர், கரன்டைத் தேடித் தரமாட்டாரா? இத்தனைக்கும் ஹியூபேட் லேசுப்பட்ட ஆளில்லை. துறைமுகத்தில் மின்சாமான் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் கிளார்க். பெரிய இஞ்சினியர் வந்து ஒரு பல்ப் கேட்டாலும், "முதல்ல சைன் வைங்க" என்று வாசலில் நிற்பாட்டியவர்.

அஞ்சரைக்கு யூஜினா சாரி உடுத்து, ஹேண்ட்பேக்கோடு வந்து நின்றாள்.

லப்டொப்பையும் சார்ஜரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஹியூபேட் பஸ் ஏறினார். வெள்ளவத்தையில் செபமாலை முடிந்தது, முழங்கால் தொடங்கியது. அங்கேயும் குத்திப் பார்த்தார். அங்கேயும் இல்லை. பக்கத்து ஃபிளட்டில் எல்லாரும் கத்தினார்கள். சிக்ஸரா, விக்கெட்டா? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தச் சார்ஜர் பிளக்கைத் திறந்து பார்த்தீங்களா?" என்று யூஜினா கேட்டாள்.

பிறெடியின் ஸ்க்ரூ டிரைவரால் திறந்தார். உள்ளே, கரன்ட் போகிற குட்டிப் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

யூஜினா ஹேண்ட்பேக்கிலிருந்து செபமாலைப் பெட்டியை எடுத்தாள். உள்ளே, மணிகளுக்குப் பக்கத்தில், பியூஸ்.

"ஆளில்லாத அறையில படம் ஓடுது, நீங்க குறட்டை. எனக்கு விளங்காதா? அப்பவே கழட்டிப் போட்டன். அக்கான்ர முகத்தை நேரில பார்த்து எட்டு மாசம், தெரியுமா?"

ஹியூபேட் கையை நீட்டினார். யூஜினா பியூஸைப் பொத்திக்கொண்டாள். றஞ்சிதம் சுவர்க் கலண்டரைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். ஒக்டோபரில் மிச்சமிருந்த சனிக்கிழமையெல்லாம் சிவப்பு வட்டம்.

"இனி இந்த மாசம் முழுக்கச் செபமாலை இஞ்சதான்," என்றாள் அக்கா.

யூஜினா பேனையை நீட்டினாள்.

"முதல்ல சைன் வைங்க."