ஞானமுத்து சாரின் விசில்

ராஜபாளையம் ஜின்னிங் பாக்டரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி போகச் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நானே கிளம்பிவிட்டேன். (அந்த வயதில் இதற்கு ராஜினாமா என்று பெயர் வைத்திருந்தேன்.) சில மாதங்கள் அங்கே பொதிகளின் மேல் படுத்து, ஒருவேளை சோறும் மற்ற வேளைகளில் பஞ்சுத் தூசியும் தின்றதில் குரல் போயிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். கையில் ஒரு துணி மூட்டை. முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கப்பால் எங்கே என்று யோசிக்கவில்லை. யோசிக்கிறவனாக இருந்தால் நான் எந்த ஊரையும் விட்டிருக்க மாட்டேன்.

பின்னால் இரண்டு மாட்டுவண்டிகள் வந்தன. வண்டி கொள்ளாமல் பையன்கள். முன்வண்டியில், காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, ஞானமுத்து சார்.

நான் மூன்றாம் பாரத்தோடு ஓடிப்போன ஹைஸ்கூலில் அவர் காலையில் பூகோளம், மாலையில் டிரில்லும் புட்பாலும். பூகோளம் எனக்கு வகுப்பறை வாசலோடு மறந்துவிட்டது. அவருடைய விசில் மறக்கவில்லை. ஒருதரம் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்கு ஓடிய பையன் ஒருவன் வண்டிச் சக்கரத்தில் காலைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து சார் ஒரு சட்டம் போட்டார். நீளமாக ஊதி, முடிவில் ஒரு சின்னச் சுழிப்புக் கொடுப்பார். கேட்டதும் எந்த நிலையில் இருந்தாலும் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு சிலையாக வேண்டும். குட்டையாக இன்னொன்று ஊதினால்தான் உயிர் திரும்பும். அவரிடம் படித்தவர்களுக்கு இது எலும்பில் ஊறியிருந்தது. (பின்னாளில் யுத்தம் வந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, எங்கள் பள்ளிப் பையன்களுக்கு விறைத்து நிற்க மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லையாம்.)

வண்டி நின்றது.

"ஏலே, இப்ப எதை விட்டுட்டு வாரே?"

"ஜின்னிங்" என்று காற்றாகச் சொன்னேன்.

"குரலையும் அங்கயே விட்டுட்டியா? ஏறு."

வண்டியில் கோல் காக்கும் பையன் சங்கதியைச் சொன்னான். ஸ்கூல் கமிட்டித் தலைவர் ஒரு பருத்தி வியாபாரி. டிரில்லுக்கென்று ஒரு வாத்தியார் எதற்கு, பூகோளத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம், மைதானத்தில் பருத்தியாவது காயப்போடலாமே என்று அவருக்கு நினைப்பு. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியோடு ஆட்டம். ஜெயித்தால் சார் இருப்பார், தோற்றால் இந்தப் பரீட்சையோடு வீட்டுக்குப் போவார். சார் காதில் விழும்படியாகத்தான் சொன்னான். சார் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆட்டம் நடக்கும்போது ரெப்ரியைத் தவிர யார் கழுத்திலும் விசில் இருக்கக்கூடாது என்பது சாருடைய கொள்கை. மைதானத்துக்குப் போனதும் தன்னுடையதைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு என் கழுத்தில் மாட்டினார்.

"நீதான் சரி. ஒனக்குச் சத்தமும் இல்ல, ஆட்டமும் இல்ல."

ஆளுக்கொரு கோல் போட்டிருந்தார்கள். முடிய செத்த நேரம் இருக்கையில் எங்கள் பக்கம் ஆடிய சோழபுரத்துப் பையன் ஒருவன் எல்லாரையும் தாண்டிப் பந்தோடு போய்விட்டான். எதிரே கோல்காரன் மட்டும். மைதானமே கத்துகிறது. நானும் கத்த வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அதற்குப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது. (விசில் எப்படி வாய்க்குள் வந்தது என்று எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் எனக்குத் தெரியாது.) எனக்குத் தெரிந்த ஊதல் ஒன்றே ஒன்றுதான். நீளமாக, முடிவில் சுழிப்போடு ஊதினேன்.

சோழபுரத்துப் பையன் பந்துக்கு ஒரு சாண் முன்னால் சிலையானான். எங்கள் பதினொரு பேரும் சிலை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சார் எத்தனை வருடமாக, எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த இரண்டு போலீஸ்காரர்களும் சிலை. லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் சிலை. சாலையில் சைக்கிளில் போன தபால்காரர் கைகளைத் தொடையில் ஒட்டிக்கொண்டதால் அப்படியே சாய்ந்து விழுந்தார். விழுந்த இடத்திலும் விறைப்பாகக் கிடந்தார். முன்வரிசை நாற்காலியில் சோடா குடித்துக்கொண்டிருந்த கமிட்டித் தலைவர் எழுந்து நின்றார். சோடா அவருடைய வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்களுக்கு இந்த வியாதி கிடையாது. கொஞ்சம் திகைத்துவிட்டுப் பந்தை உருட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கோல்காரன் கண்ணை மட்டும் திருப்பி, பந்து தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தான்.

குட்டை விசிலை நான் ஊதியிருக்கலாமே என்பீர்கள். நானும்தான் சிலையாக நின்றேன், பல்லில் விசிலோடு. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சார் தொப்பி பறக்க ஓடிவந்து, என் வாயிலிருந்து அதைப் பிடுங்கி ஊதிய பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

வெளியூர்க்காரரான ரெப்ரி ரொம்பச் சாவகாசமாகச் சொன்னார்: "நான் ஊதல. ஆட்டம் நிக்கல. கோல் கோல்தான்."

தோற்றோம். நான் மூட்டையை எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். அதற்குள் தலைவர் வேட்டியை உதறிக்கொண்டு சாரிடம் வந்துவிட்டார்.

"சார், நான் ஸ்கூலை விட்டு எம்புட்டு வருசமாச்சு. நான் என்னத்துக்கு எந்திரிச்சேன்?"

சார் கீழே கிடந்த தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஹெட்மாஸ்டர்தான் ஆசையோடு சொன்னார்: "அவிய ஒங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்குக் குடுத்துருங்க. எங்க பயலுவ மணி அடிச்சாக்கூட உள்ள வர மாட்டேங்கானுவ."

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரு வேண்டாம்னா?"

பருத்தி வேறெங்கோ காய்ந்தது. சார் அதற்கப்புறமும் நரைத்து, தொப்பி நிறம் மங்கும்வரை அங்கேதான் ஊதிக்கொண்டிருந்தார். தலைவர் அன்று போகும்போது என்னைக் காட்டி, அந்தப் பயலை ஊருக்குள் அலையவிடாமல் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் திரும்பும்போது சார் என்னை அடிக்கவில்லை. ஊர் நெருங்கும்போது, "சுழிப்பு நல்லாத்தாம்லே வந்துச்சு" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மருமகள் அடுப்பைப் பார்ப்பதில்லை. என் கையில் காப்பி டம்ளர் இருக்கிறதா என்று கூடத்தை எட்டிப் பார்க்கிறாள். பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே எனக்கு எதிரில் விறைத்து நிற்கிறார்கள்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலை நான் சேர்ந்த வேலை, எங்கள் பள்ளி மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது. டப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நேராகப் பாதிக் கோடு வந்திருப்பேன். அந்தப் பக்கம் சார் பையன்களுக்கு ஊதினார். என் கால் நின்றது, கை நின்றது, சுண்ணாம்பு நிற்கவில்லை.

சார் வந்து, கோட்டின் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்ததைப் பார்த்தார். குட்டை விசிலை ஊதி என்னை விடுவித்தார்.

"நாளைலேருந்து நான் வாரதுக்கு முன்னாலயே போட்டு முடிச்சிரு, என்ன."