பிசிறு எடுத்த விசில்

கவரைப்பேட்டை,
புதன்கிழமை காலை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பீட்டர் மச்சானுக்கு, உங்கள் தங்கை மேரியைக் கட்டிய ஸ்டீபன் கைகூப்பி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே நீங்களும் மெர்சி அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். மயில் தொல்லை தீர்ந்து நிலக்கடலை நல்லபடி வீடு வந்து சேர வேண்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பொதட்டூர்பேட்டை முழுக்கக் கேட்கும். இங்கே எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. ஒன்றில் மேரி, இன்னொன்றில் கல்யாணப்பெண் ஏஞ்சலின். நான் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெரு அன்புசெல்வன் பத்து மணிக்குத் திருத்தணிக்கு லோடு ஏற்றிப் போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்த கையோடு அவனிடமே ஒரு பொருளைக் கொடுத்தனுப்ப வேண்டும். என்ன பொருள் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் திட்டுவீர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டுச் சொன்னாலும் திட்டத்தான் போகிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

ஏஞ்சலின் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் ஷிப்ட் முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே வாயால் சீட்டியடித்து ஒரு மெட்டு போடுவேன், அவள் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவாள், இது உங்களுக்கே தெரியும். ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து முன்பல் மூன்று போனதிலிருந்து சீட்டி வருவதில்லை, கட்டின பல் வழியே காற்றுதான் வருகிறது. அதனால் அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போன பெண் ஈஸ்டருக்கு எனக்கு ஒரு விசில் அனுப்பினாள். போலீஸ்காரர் ஊதுகிற விசில் இல்லை மச்சான், ஒரு அடி நீளம், ஆறு ஓட்டை, புல்லாங்குழல் மாதிரி நேராகப் பிடித்து ஊத வேண்டும். அவள் வார்டில் ஒரு கிழவர் வாசிப்பாராம். "என் கல்யாணத்தன்னிக்கு நான் கோயிலுக்குள்ள வரும்போது நீ அந்த மெட்டை இதுல ஊதணும்பா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவரும் பொறுப்பைத் தாய்மாமன் உங்களிடம் விட்டேன். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. விசில் உதட்டில் இருந்தால் அழ முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாதி வழியிலேயே உடைந்துபோவேன்.

அவள் அனுப்பியது தகரம். தகட்டைச் சுருட்டி, வாய்ப்பக்கம் ஒரு மரத்துண்டை அடைத்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டி குழாய்க் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்திருக்கிறது, சுருட்டிய தகட்டின் மூட்டு நீளவாக்கில் அப்படியே தெரிகிறது. இந்த லட்சணத்தில் ஒரு குழாய் என் மேஜைக்கு வந்திருந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு வாரம் ஊதினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சபை நடுவே மூட்டு தெரிகிற குழாயோடு நிற்க மனசு ஒப்பவில்லை. ரிஜெக்ட் செய்துவிட்டேன். ஜூலையில் சம்பந்தம் முடிந்த சேதி சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்தபோது, மயில் விரட்ட ஆகும் என்று உங்கள் கையில் கொடுத்தேனே, அதுதான் இது.

அப்புறம் பித்தளையில் ஒன்று வரவழைத்தேன். வெளிநாட்டுச் சரக்கு, பச்சை பிளாஸ்டிக் வாய். குரல் இனித்தது. பத்து நாள் சாதகம் செய்து, இதுதான் என்று பாஸ் போட்டேன். மறுநாள் எடுத்து ஊதினால் உஸ்ஸென்று காற்று மட்டும் வருகிறது. பித்தளைக்கு நம் பக்கத்துக் கடல்காற்று ஆகவில்லை என்று முடிவுகட்டினேன். அடுத்து கல்கத்தாவிலிருந்து ஒருவர் கைப்படச் செய்த அலுமினியம். மேல் ஸ்தாயி கொஞ்சம் கீச்சென்றாலும் கைக்கு லேசு. அதையும் பாஸ் போட்டேன், அதுவும் மறுநாளே ஊமை. அலுமினியம் மென்மையான உலோகம், உள்ளே நசுங்கியிருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் எங்கள் கம்பெனி டூல் ரூம் கோபாலிடம் சொல்லி எவர்சில்வர் குழாயில் ஒன்று கடையச் சொன்னேன். ஊதினால் ஊதலாம், தேவைப்பட்டால் ஆளையும் அடிக்கலாம், அப்படி ஒரு கனம். முதல் சத்தத்துக்கே எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. அதற்கும் போன ஞாயிறு பாஸ் போட்டேன். திங்கள் காலை அதுவும் செத்துவிட்டது.

திங்களன்றுதான் ஏஞ்சலின் வந்து இறங்கினாள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நான் அனுப்புனது எங்கப்பா? அதானே உனக்குப் புடிச்சது?" பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லைதானே மச்சான், உங்கள் வீடு பத்திரமான வீடுதானே. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று கோபாலை வரவழைத்துச் செத்த மூன்றையும் காட்டினேன். அவன் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இந்த வாய் ஓட்டையாண்ட இருக்கிற கூர் விளிம்பை யாரு அரம் போட்டு ராவுனது?"

"பிசிறு இருந்துச்சுப்பா. எடுத்துட்டேன்."

"அது பிசிறு இல்லண்ணே. காத்து அதுல பட்டுத்தான் சத்தமே வரும்."

பாஸ் ஆன குழாயைப் பிசிறு எடுக்காமல் வெளியே விடக்கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். கட்டைவிரலை விளிம்பில் ஓட்ட வேண்டும், கீறினால் அரத்தைப் போட்டு மழுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷப் பழக்கம், விரல் தானாக ஓடியிருக்கிறது. எது நன்றாகப் பாடியதோ அதைத் தேடித்தேடி நானே கொன்றிருக்கிறேன். கோபால் மறுபடி கூராக்கிப் பார்த்தான். கன்றுக்குட்டி தும்முவதுபோல் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். புதிதாகக் கடைய அவனுக்கு நேரமில்லை, கம்பெனியில் ஆடிட். ஆன்லைனில் போட்டால் திங்கட்கிழமை வரும் என்கிறது. கல்யாணம் சனிக்கிழமை. வெள்ளி சாயந்திரம் கோயிலில் ஒத்திகை.

இப்போது புரிந்திருக்கும். பிசிறு எடுப்பது பாஸ் ஆன சரக்குக்கு மட்டும்தான், ரிஜெக்ட் ஆனதை யாரும் தொடமாட்டோம். ஆகவே உலகத்தில் நான் கை வைக்காத ஒரே விசில் உங்கள் நிலக்கடலைக் கொல்லையில் இருக்கிறது. மூட்டு தெரிந்தாலும் சரி, மண் ஒட்டியிருந்தாலும் சரி, ஒரு துணியில் சுற்றி அன்புசெல்வனிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஊதிப் பார்த்துவிட்டேன் மச்சான், அதைப்போல எதுவும் என் மெட்டைச் சொல்லவில்லை. நான் பிழைப்பதும் போவதும் இப்போது உங்கள் கையில்.

கர்த்தர் உங்கள் கொல்லையையும் களத்தையும் நிரப்புவாராக. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் படியிலேயே உட்கார்ந்திருக்கும்
ஸ்டீபன்

பி.கு. கடிதத்தை மடிக்கும்போது பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மேரி நின்றுகொண்டு முழுக்கப் படித்திருக்கிறாள். "எங்க அண்ணன் ஊட்டுப் புள்ளைங்களுக்கு உதடு கீசிக்கும்னு சொல்லிக்கினு, அதையும் அரை மணி நேரம் ராவித்தானே குடுத்தீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், வாஸ்தவம். நீங்கள் ஆகஸ்டில் மயில் அசையவே மாட்டேன் என்கிறது என்று சொன்னதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. சத்தம் கேட்டு ஏஞ்சலின் வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படிக்கும்போது பாதியில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. "விசிலு போனா போவட்டும். நீயே என் கையப் புடிச்சிக்கினு வா" என்றாள். அழுதுவிடுவேனம்மா என்றேன். "அழேன். நான் இன்னா சிரிச்சிக்கினா வரப்போறேன்?" என்றாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். விசிலைக் கொல்லையிலேயே விட்டுவிடுங்கள். கையைப் பிடித்து அழைத்துவர நான் இருக்கிறேன். நீங்கள் அதற்கென்று எடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்தால் போதும், எனக்குத் தேவைப்படும். நேற்றுச் சம்பந்தி வீட்டார் தாலியைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் உள்ள சிலுவையின் ஓரம் கட்டைவிரலில் லேசாகக் கீறுகிறது. மேரி அரத்தை எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்.